பாட்டியின் சிங்கர் மெஷினுக்கு பெயின்ட் அடிப்பதற்கு முன்

கேள்வி: பாட்டி பயன்படுத்திய கால்மிதி சிங்கர் தையல் மெஷின் ஒன்று எங்கள் வீட்டின் பின்கட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடாமல் கிடக்கிறது. கைச்சக்கரம் அசையவே மறுக்கிறது. வரிசை எண் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. பாபின் (கீழ் நூல் சுற்றும் சிறு உருளை) வட்டமானது, மெஷினின் இடப்பக்க முனையில் செருகப்படுவது. பழுதுபார்ப்பவர் ஒருவர் பழைய பெயின்ட்டை உரித்துப் புதிதாக ஸ்ப்ரே அடித்து, மோட்டாரும் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். இதை நானே சீரமைக்க முடியுமா? இதையொட்டிப் பழைய மெஷின்களைச் சேகரிக்கும் ஆசையும் வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (காரைக்குடி வாசகி)

பதில்: உங்களால் முடியும். ஆனால் அந்தப் பழுதுபார்ப்பவரிடம் மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய தையல் இயந்திரத்தைச் சீரமைப்பது என்றால் முதலில் அதைத் தைக்க வைப்பதுதான். அதன் தோற்றத்தில் கை வைப்பது கடைசி வேலை, அதையும் எவ்வளவு குறைவாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது.

நீங்கள் தந்த இரண்டு தகவல்களே உங்கள் மெஷினைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகின்றன. ‘ஒய்’ வரிசை எண்கள் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த சிங்கர் தொழிற்சாலைக்கு உரியவை. 1920களின் தொடக்கத்திற்கும் 1930களின் நடுப்பகுதிக்கும் இடையே தயாரானவை. 1880களில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. 1911இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது ஏறத்தாழ 11,000 பேர் பணிபுரிந்தார்கள் என்பதிலிருந்து அதன் அளவை ஊகிக்கலாம். இன்று தொழிற்சாலை இல்லை. அதன் வாசலில் இருந்த ரயில் நிலையம் மட்டும் ‘சிங்கர்’ என்ற பெயரோடு இன்னும் இயங்குகிறது. வட்ட பாபின் இடப்பக்க முனையில் நுழைகிறது என்பதால் உங்களுடையது பெரும்பாலும் 15கே வகை. ‘கே’ என்பது தொழிற்சாலை அமைந்திருந்த கில்போவி என்ற பகுதியைக் குறிக்கும் எழுத்து. தொடக்கக்காரர் ஒருவருக்கு இதைவிட நல்ல மெஷின் அமையாது. ஏனென்றால் நம் நாட்டின் கறுப்பு நிற வீட்டு உபயோக மெஷின்களில் மிகப் பல இந்த 15ஆம் வகையின் அமைப்பையே பின்பற்றியவை. லூதியானாவில் இன்றும் அவை தயாராகின்றன. ஆகவே பாபின், பாபின் கேஸ், ஊசி, டென்ஷன் ஸ்பிரிங் ஆகியவை எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் சொற்பப் பணத்திற்குக் கிடைக்கும்.

கைச்சக்கரம் அசையவில்லை என்பதைக் கண்டு மெஷின் துருப்பிடித்துப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இப்படி இறுகிய மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் துரு அல்ல, காய்ந்த எண்ணெய். மெஷின் எண்ணெய் தீர்ந்த நாளில் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டுச் சமாளித்த வீடுகள் ஏராளம். தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுக் காலப்போக்கில் பிசினாகி, உலோகத்தோடு உலோகத்தை ஒட்டிவிடும். மெஷின் எண்ணெய்கூடப் பல ஆண்டுகள் தூசியோடு நின்றால் பழுப்பேறிக் கெட்டிப்படும். எனவே சக்கரத்தை வலிந்து திருகக் கூடாது. சுத்தியல் எடுக்கவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும்.

முதலில் பெல்ட்டைக் கழற்றி, ஊசியையும் பாபின் கேஸையும் எடுத்துவிடுங்கள். மேல் நூலையும் கீழ் நூலையும் பின்னும் பாகமான ஷட்டில் ஓடும் வளையத்திற்குள் நூல் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு பழைய நூல் இழை அந்த வளையத்தின் விளிம்பில் சுற்றிக்கொண்டு முழு மெஷினையும் நிறுத்திவைப்பது உண்டு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகுகளைக் கிண்ணங்களில் தனித்தனியே போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். சிங்கர் நிறுவனம் தன் திருகுகளுக்குத் தனக்கே உரிய மரை அளவுகளைப் பயன்படுத்தியது. ஒன்றைத் தொலைத்தால் வன்பொருள் கடையில் அதற்கு ஈடு கிடைக்காது. திருகின் காடிக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான, முனை மழுங்காத ஸ்குரூடிரைவரை மட்டுமே பயன்படுத்துங்கள். இந்த வேலையில் நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய கருவி அது ஒன்றுதான்.

அடுத்து, இடப்பக்க முகத் தகட்டைக் கழற்றினால் ஊசித் தண்டும், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் தண்டும் தெரியும். மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்தால் அடிப்பகுதியின் தண்டுகளும் இணைப்புகளும் தெரியும். பின்புறமுள்ள வட்ட மூடிக்குள்ளும் ஓர் இணைப்பு இருக்கிறது. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உலோகம் உலோகத்தோடு உராயும் ஒவ்வோர் இடத்திலும், மேலே உள்ள ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். இதைத் திறந்தவெளியில், நெருப்பும் மின்சாரக் கருவிகளும் அருகில் இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மீண்டும் விட்டு ஊற விடுங்கள். நான்கைந்து நாள் ஆனாலும் ஆகட்டும். மண்ணெண்ணெயை முழுவதும் துடைத்து, அதன் வாடையும் போன பிறகு, ஹேர் டிரையரால் மெஷினின் கை போன்ற மேற்பகுதியை மிதமாகச் சூடேற்றினால் எஞ்சிய பிசின் இளகும். ஒருமுறை அசையத் தொடங்கிய மெஷின் பிறகு விரைவில் வழிக்கு வந்துவிடும். அப்போது கறுத்து வழியும் அழுக்கைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். மண்ணெண்ணெய் கரைப்பதற்கு மட்டுமே உதவும். அது மசகு எண்ணெய் அல்ல. துருவுக்கென்று விற்கப்படும் ஸ்ப்ரேக்களுக்கும் இதே விதிதான். முடித்ததும் எல்லா இடங்களிலும் நிறமற்ற தையல் மெஷின் எண்ணெயை விட்டு, சில நிமிடங்கள் கையால் சுற்றி, மறுபடியும் துடைத்து, மறுபடியும் எண்ணெய் விடுங்கள். ஷட்டில் ஓடும் வளையத்திற்கு ஒரே ஒரு சொட்டு போதும்.

கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள திருகுமூடியைத் தளர்த்தினால், பாபினில் நூல் சுற்றும்போது ஊசி நின்று சக்கரம் மட்டும் சுழல வேண்டும். அதற்குள் சிறு நாக்குகள் கொண்ட வாஷர் ஒன்று இருக்கிறது. சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது அது அரைச்சுற்று மாறி அமர்ந்துவிட்டால், மூடி சரியாக இறுகாது, அல்லது இறுகினாலும் தளராது. அப்படி நேர்ந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்; வாஷரை அரைச்சுற்று திருப்பி மாட்டினால் சரியாகிவிடும்.

ஓடத் தொடங்கிய பிறகு தையல் சரியில்லை என்றால், எதையும் முடுக்குவதற்கு முன் ஊசியை மாற்றுங்கள். 15ஆம் வகைக்கு உரியது 15×1 என்ற சாதாரண வீட்டு மெஷின் ஊசி. நம் கடைகளில் எச்ஏ×1 என்று கேட்டாலும் அதையே தருவார்கள். பருத்தித் துணிக்கு 14ஆம் நம்பரும் சற்றுத் தடித்த துணிக்கு 16ஆம் நம்பரும் பொருந்தும். ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஓடுகிறது. எதிர்ப்பக்கத்தில் தண்டு தட்டையாக இருக்கிறது. நூலை எப்போதும் பள்ளமுள்ள பக்கத்திலிருந்தே கோக்க வேண்டும். ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டுத் தையல் விழவில்லை என்று மெஷினைக் குறைகூறுவது மிகவும் சாதாரணமாக நடப்பது.

பிறகு டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம். மேல் டென்ஷனின் இரு தட்டுகளுக்கு இடையே பழைய நூல் துணுக்கும் துருவும் அடைந்திருக்கும். பிரஷர் ஃபுட்டை உயர்த்தி, தட்டுகளைத் தளர்த்தி, துணியின் விளிம்பை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் அது அப்படியே நிற்க வேண்டும். கையை மெல்லச் சுண்டினால் சற்றே இறங்கி மீண்டும் நிற்க வேண்டும். தானாகச் சரிந்தால் அதன் சிறு திருகை மிகக் கொஞ்சமாக இறுக்குங்கள். கீழ் நூலை இப்படிச் சரிசெய்துவிட்டு, அதன்பின் மேல் டென்ஷனால் மட்டும் தையலைச் சமன்படுத்துங்கள். துணியின் அடியில் நூல் கொசகொசவென்று முடிச்சாக விழுந்தால் பலர் பாபினைத்தான் சந்தேகிப்பார்கள். உண்மையில் அது மேல் நூல் தளர்ந்திருப்பதன் அடையாளம். பெரும்பாலும் பிரஷர் ஃபுட்டை இறக்கி வைத்து நூல் கோத்ததால், நூல் தட்டுகளுக்கு இடையே போகாமல் இருந்திருக்கும்.

இனி அந்த பெயின்ட் விஷயம். உங்கள் மெஷினின் கருமை சாதாரண பெயின்ட் அல்ல. நிலக்கீல் கலந்த வார்னிஷைப் பூசி, சூளையில் சுட்டு இறுக்கிய ‘ஜப்பானிங்’ என்ற பூச்சு அது. அதன்மேல் பொன்னிறச் சித்திரங்களை ஒட்டி, அவற்றின்மேல் பாதுகாப்பாக நிறமற்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். அந்த மேற்பூச்சு பழைய மெஷின்களில் பெரும்பாலும் அரக்கு, அதாவது நம் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து மரச்சாமான்களுக்கு மெருகேற்றுகிறார்களே, அதே அரக்கு. ஸ்பிரிட்டில் கரைவது என்பதாலேயே அதற்கு ஆபத்தும் அங்கிருந்துதான் வருகிறது. ஸ்பிரிட், தின்னர், கைகளுக்குப் போடும் சானிடைசர் ஆகியவை பட்ட இடத்தில் மேற்பூச்சு பாலாக வெளிறிக் கரைந்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் பொன்னிறத்தை அரித்து, கீழே வெள்ளிச் சாயல் மட்டும் தெரியும்படி செய்துவிடும். ஆகவே பஞ்சில் மெஷின் எண்ணெயை நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, அழுக்கேறிய பஞ்சை மாற்றிக்கொண்டே இருங்கள், வேறொன்றும் தேவையில்லை. முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சித்திரங்களை அணுகுங்கள். நிக்கல் பூசிய பளபளப்பான பாகங்களை மட்டும் கழற்றி எடுத்துத் தனியே தேய்க்கலாம்.

ஸ்ப்ரே பெயின்ட் அடித்த மெஷினில் அந்தச் சித்திரங்கள் போய்விடும். எண்ணெய்த் துளைகளும் பல சமயம் அடைபட்டுவிடும். நூறு ஆண்டை நெருங்கும் அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. பாட்டியின் கை பட்டுப் பட்டு முன்விளிம்பில் பொன்னிறம் தேய்ந்திருக்குமானால், அதை ஒரு குறையாக நான் கருதவே மாட்டேன். மோட்டாருக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் மோட்டார் பொருத்த இடமே கிடையாது. அதற்காக வார்ப்பிரும்பில் துளையிடுவது திருத்த முடியாத சேதம். கால்மிதியில் ஒவ்வொரு தையலையும் வேண்டிய இடத்தில் நிறுத்த முடியும் என்ற வசதி மோட்டாரில் எளிதில் வாய்ப்பதில்லை. மிதியின் அச்சுகளுக்கும் பெரிய சக்கரத்தின் நடுவிற்கும் எண்ணெய் விட்டு, புதிய தோல் வார் ஒன்றை மாட்டுங்கள். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வார் போதும். தோல் நாளடைவில் நீளும் என்பதால், முதலில் சற்று நீளமாகவே விட்டு, வழுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்ளலாம்.

சேகரிப்பைப் பொறுத்தவரை, அரிய பொருள் கையில் கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தோடு வாங்கப் போகாதீர்கள். சிங்கர் மெஷின்கள் கோடிக்கணக்கில் தயாரானவை; பழையது என்பதாலேயே எதுவும் விலையுயர்ந்ததாகிவிடாது. 1851–1951 என்று பொறித்த நீல விளிம்புப் பதக்கத்தைக் காட்டி, இது 1851ஆம் ஆண்டு மெஷின் என்று விற்பவர்கள் உண்டு. நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி 1951 வாக்கில் தயாரானவற்றுக்குப் பொருத்திய பதக்கம் அது. இதைவிட மோசமானது சிவப்புப் பாதரசப் புரளி. பழைய சிங்கர் மெஷினுக்குள் அப்படி ஒரு பொருள் இருப்பதாகவும் அதற்கு லட்சக்கணக்கில் விலை என்றும் 2009இல் சவூதி அரேபியாவில் பரவிய வதந்தியால், அங்கே மெஷின் விலைகள் கண்மண் தெரியாமல் ஏறின. அத்தகைய பொருள் எந்தத் தையல் மெஷினிலும் இல்லை. யாராவது ஊசியருகே கைப்பேசியைக் காட்டிச் ‘சோதனை’ செய்ய வந்தால், அவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

வாங்கும்போது சக்கரம் இறுகியிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாகங்கள் குறைந்திருக்கின்றனவா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பாபினை மூடும் நகரும் தகடு, பாபின் கேஸ் அல்லது ஷட்டில், டென்ஷன் தொகுதி, பிரஷர் ஃபுட் ஆகியவை இருக்கின்றனவா, வார்ப்பிரும்பில் விரிசல் இல்லையா என்று பாருங்கள். தோட்டா வடிவ ஷட்டிலும் நீண்ட பாபினும் கொண்ட 27, 28, 127, 128 வகைகள் ஓடும் அழகுக்காகவே வைத்துக்கொள்ளத் தக்கவை. ஆனால் ஷட்டில் இல்லாமல் வருபவற்றை வாங்காதீர்கள். மேலிருந்து பாபின் விழும் 66ஆம் வகையும், அதன் முக்கால் அளவான 99ஆம் வகையும் இரண்டாவது மெஷினாக வாங்க ஏற்றவை. 12ஆம் வகை போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு மெஷின்களுக்கு உரிய ஊசி இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஊசியைத் தேடிப் பிடித்த பிறகு மெஷினை வாங்குவது நல்லது. மூடப்படும் தையல் கடைகளையும் பழைய இரும்புக் கடைகளையும் விசாரித்து வையுங்கள். இரும்புக் கால்களை மேசை செய்வதற்காக வாங்கிக்கொண்டு தலைப்பகுதியை எடைக்குப் போடும் வழக்கம் பெருகிவிட்டதால், தலை மட்டும் மலிவாகக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பலவும் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளவை என்பதால், எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டு விலை பேசுங்கள்.

சீரமைத்தவற்றை பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்துத் துரு பிடிக்கும்; பருத்தித் துணியால் மூடுங்கள். மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு மெஷினிலும் ஒரு துண்டுத் துணியைத் தைத்துப் பார்த்து, எண்ணெய்த் துளைகளில் ஒரு சொட்டு விடுங்கள். உங்கள் 15கே ஓடத் தொடங்கி, ஊசியும் டென்ஷனும் சரியாக இருந்தும் தையல் விட்டு விட்டு விழுந்தால், ஊசித் தண்டின் உயரம் யாரோ முன்பு கழற்றியதால் மாறியிருக்கலாம். அந்த ஒரு வேலையை மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் உங்கள் கண்ணெதிரே செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.