சட்டக் கல்லூரி மாணவர்கள் எழுதித் தந்த மனு கோர்ட்டில் செல்லுமா?

கேள்வி: கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் சம்பாதித்து வாங்கிய ஒன்றரை ஏக்கர் நஞ்சை அவர் பெயரிலேயே இருக்கிறது. உயில் எதுவும் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியாரும் இருக்கிறார். நிலத்தைக் கொழுந்தனார்தான் உழுகிறார், ஒரு மூட்டை நெல்கூடத் தருவதில்லை. போன மாதம் பக்கத்து ஊர் சட்டக் கல்லூரி மாணவர்கள் எங்கள் சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டு எனக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் ஒருவர், “பசங்க மார்க்குக்காக எழுதினது, கோர்ட்டில் செல்லாது. எட்டாயிரம் கொடுத்தால் வருமானச் சான்றிதழ் வாங்கி இலவச வக்கீல் வைத்துத் தருகிறேன்” என்கிறார். யாரை நம்புவது?

பதில்: முதலில் அந்த எட்டாயிரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். இலவச வக்கீலுக்கு எதற்கு எட்டாயிரம் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மாணவர்கள் கோர்ட்டில் உங்களுக்காக வாதாட முடியாது. 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வக்காலத்து போடலாம். ஆனால் உங்கள் கதையைக் கேட்டு, காகிதங்களை வரிசைப்படுத்தி, மனு எழுதி, சரியான அலுவலகத்துக்கு அழைத்துப் போக மாணவர்களுக்குத் தடையில்லை. மனுவை யார் எழுதினால் என்ன, கையெழுத்து உங்களுடையது. அது செல்லும்.

அவர்களுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியராவது வாதாடலாமே என்று நினைப்பீர்கள். முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் சட்ட ஆசிரியருக்கும் அந்த அனுமதி இல்லை. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் பாடம் எடுத்துவிட்டு வார்டில் நோயாளியைப் பார்க்கிறார். சட்டக் கல்லூரிப் பேராசிரியர் கோர்ட் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். இதை மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் பேசியாகிவிட்டது. மாறாதவரை, கல்லூரிகளின் சட்ட உதவி மையம் என்பது பாதி வழி வரைதான். முகாம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் 9, தேசிய சட்டப் பணிகள் தினம், வந்தால் ஊருக்கு ஊர் பேனர் கட்டுகிறார்கள். வாங்கிய மனுக்கள் ஜனவரியில் எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. எழுதிய மாணவர் பரீட்சைக்குப் போயிருப்பார், அடுத்த வருடம் படிப்பை முடித்தே போய்விடுவார். ஆகவே முகாமை நடத்திய ஆசிரியர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நகல்களை மட்டும் கொடுங்கள். மூலப் பத்திரம் உங்கள் பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது.

மீதி வழி, உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழு. மாவட்டக் கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாணவர்கள் எழுதிய மனுவோடு அங்கே போய், இலவச வக்கீல் வேண்டும் என்று வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுத வராவிட்டால் வாயால் சொல்லலாம், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இனி அந்த வருமானச் சான்றிதழ். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்களிடம் எட்டாயிரம் கேட்பவரின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பு உண்டு என்பது சரி. ஆனால் 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ம் பிரிவு பெண்களைத் தனியாகச் சொல்கிறது. பெண் என்றால் போதும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. டீச்சராக இருந்தாலும், சொந்தக் கடை வைத்திருந்தாலும், நிலம் இருந்தாலும் சரி. கவுண்டரில் இருப்பவர் பழக்கதோஷத்தில் “இன்கம் சர்ட்டிபிகேட் எங்கே?” என்று கேட்கலாம். “நான் 12-ம் பிரிவில் பெண் என்ற வகையில் வந்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அப்போதும் கேட்டால், அதே வளாகத்தில் இருக்கும் குழுத் தலைவரான நீதிபதிக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வருமான வரம்புக்குள் வரும் ஆண்களுக்குக்கூட, சொந்தப் பிரமாணப் பத்திரமே போதும் என்று ஏற்க 13-ம் பிரிவு இடம் தருகிறது. சட்டம் இவ்வளவு தாராளமாக எழுதப்பட்டிருந்தும் ஜனங்களைத் தாசில்தார் வாசலில் நிற்க வைத்தே பழகிவிட்டார்கள்.

நியமிக்கப்படும் வக்கீல் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. கோர்ட் கட்டணமும் நகல் செலவும்கூட உதவியில் சேரும். கேட்டால் ஆணைக்குழுவிடம் புகார் கொடுங்கள், வேறு வக்கீலைத் தருவார்கள்.

உங்கள் உரிமையில் சிக்கல் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார் ஆகிய நால்வருக்கும் சம பங்கு. நீங்கள் நால்வரும் இருக்கும்போது கொழுந்தனாருக்குப் பங்கில்லை. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அடுத்து ஏதாவது காகிதத்தோடு வருவார். “ரேஷன் கார்டுக்கு”, “பட்டா மாற்ற” என்று சொல்லி நீட்டுவது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம், உங்கள் சார்பில் செயல்பட அவருக்கு அதிகாரம் தரும் பவராக இருக்கலாம். படித்துக் காட்டாத காகிதத்தில் கைநாட்டும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பேசி முடிக்கலாம் என்றால் போகலாம், நல்லதுதான். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அதுவே கோர்ட் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. மனதுக்குச் சரிப்படாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், வழக்கு வழக்கம்போல நடக்கும். பிள்ளைகள் மைனர் என்பதால் அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கக் கோர்ட் அனுமதி இல்லாமல் உங்களாலும் முடியாது.

போகும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கிரயப் பத்திரம், பட்டா, மாணவர்களின் மனு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துச் செல்லுங்கள். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். ரசீது தருவார்கள், அதற்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் இருப்பவர் தேவையில்லை.