ஏற்காடு வாலிபர் முகாமுக்கு மறுபடி போகலாமா?

போங்கள். போன வருஷம் கிடைத்த சந்தோஷம் மலையிறங்கிய ஒரே வாரத்தில் வடிந்துவிட்டது என்பதற்காக இந்த வருஷ முகாமை விட்டுவிட வேண்டாம். அன்று நீங்கள் அழுது ஜெபித்தது பொய்யில்லை.

காரணம் பெரும்பாலும் களைப்புதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு சேலத்தில் பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, இரண்டு ராத்திரி அரைத்தூக்கம், திங்கள் காலை மறுபடி ஷிஃப்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் வாசித்துப் பாருங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் முதலில் காட்டியது அடையும் தண்ணீரும். சாப்பிட்டார், திரும்பவும் தூங்கினார். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் அப்புறம்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அதனால் திங்கட்கிழமை லீவு போடுங்கள். கிளம்புமுன் மூன்று நாள் இதைச் செய்து பாருங்கள்: காலையில் போனைத் தொடுமுன் பைபிளில் ஒரு சங்கீதம் வாசிப்பு, பத்து நிமிடம் ஜெபம். வீட்டில் இது முடிகிறதா என்று தெரிந்துவிடும். முகாமுக்குப் பிறகும் இதையே தொடருங்கள், புதிதாக எதுவும் தீர்மானிக்க வேண்டாம்.

ஒன்று மட்டும்: தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லையென்றால் அதை விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள்.