ஒன்பது இலக்கம், நடுவே குறிகள், விடை நூறு: கேள்வி பதில்

புதிர் இதுதான். 1 முதல் 9 வரை வரிசை மாறாமல் எழுதுங்கள். இடையில் கூட்டலோ கழித்தலோ போடலாம். ஒன்றும் போடாமல் பக்கத்து இலக்கத்தோடு ஒட்டவும் செய்யலாம். விடை 100 வர வேண்டும்.

மொரிஷியஸ் ரோஸ் ஹில் ஆசிரியை: அக்கா, இதைக் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் தேடிக் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்கும் டீச்சர். இடைவெளி எட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி. ஆக 6,561 அமைப்புகள். எட்டு இடத்துக்கும் பகடை உருட்டிக் குறி போட்டு, கணக்குப் பார்த்து, 100 வராவிட்டால் மறுபடி உருட்டச் சொல்லுங்கள். 1-க்கு முன்னால் கழித்தல் கூடாதென்றால் சரியான விடைகள் 11. சராசரியாக 596 உருட்டலில் ஒன்று சிக்கும்.

வாக்வா மாணவர்: ஆயிரம் தடவை ஓட்டியும் வரவில்லை. புரோகிராம் தப்பா அக்கா?

அவசரப்படாதே தம்பி. ஐந்து பேர் ஆயிரம் தடவை ஓட்டினால், அதில் ஒருவருக்கு இப்படி ஆவது சகஜம். 123−45−67+89 என்பதை நீயே கையால் கொடுத்துப் பார். 100 வராவிட்டால்தான் தப்பு. இலக்கங்களை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு குறியைக் கவனிக்க வேண்டும். பலர் தடுமாறுவது அங்கேதான்.

அவரே: 6,561தானே, வரிசையாகவே பார்த்தால் என்ன?

அதுதான் மேல். பதினொன்றும் விடாமல் கிடைக்கும். இடைவெளி இருபதானால் 348 கோடியைத் தாண்டும். பகடைக்கு வேலை அங்கேதான். அப்போதும் எல்லாவற்றையும் கலைக்காதே. ஒரு குறியை மட்டும் மாற்று, 100-க்கு நெருங்கினால் வைத்துக்கொள். எப்போதாவது விலகிப் போனாலும் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வாய். காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிடுவதைப் பார்த்து, 1983-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் கிர்க்பாட்ரிக் குழுவினர் எழுதிய முறை இது.

த்ரியோலே தாயார்: ஒட்டாமல், குறி மட்டும் போட்டு 10 கொண்டுவர மகள் பார்க்கிறாள். ராத்திரி முழுக்க ஓடியும் வரவில்லை அக்கா.

நிறுத்தச் சொல்லுங்கம்மா, எத்தனை ராத்திரி ஓடினாலும் வராது. எல்லாம் கூட்டலானால் 45, ஒற்றைப்படை. ஒரு கூட்டலைக் கழித்தலாக்கினால் அந்த இலக்கத்தின் இரு மடங்கு குறையும். இரட்டைப்படை குறைந்தால் மிச்சம் ஒற்றைப்படையேதான். 10 எங்கிருந்து வரும்? பகடைத் தேடல் "இல்லை" என்று ஒருநாளும் சொல்லாது. அதைச் சொல்ல நம் மூளைதான் வேண்டும். அதனால்தான் ஓடவிடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன்.

100 புதிருக்கும் அப்படி ஒன்று உண்டு: கழித்தலுக்குப் போகும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 4, 13, 22 என்று ஒன்பது ஒன்பதாகத்தான் வரும். மேலே கொடுத்த விடையில் 4, 5, 6, 7 சேர்ந்து 22. ஏன் என்று மகளையே யோசிக்க விடுங்கள்; ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்த்தால் பிடித்துவிடுவாள்.