கிளிசரினா, ஹையலூரானிக் அமிலமா? டில்லி வாசகிகளின் சருமக் கேள்விகள்

தை மாதக் குளிரில் எழுதப்பட்ட கடிதங்கள் என்பதாலோ என்னவோ, இம்முறை பெரும்பாலான கேள்விகள் வறண்ட தோலைப் பற்றியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கி விடை எழுதியிருக்கிறேன். வீட்டிலுள்ள புட்டியையோ டியூபையோ எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு படித்தீர்களானால் நான் சொல்வது எளிதில் விளங்கும்.

அம்மா, ஹையலூரானிக் அமிலம் சேர்ந்த சீரம் ஒன்றை 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சென்னையிலிருக்கும் என் தங்கைக்கு அது நன்றாக ஒத்துக்கொள்கிறது. எனக்கோ பூசிய அரை மணி நேரத்தில் முகம் இழுத்துப் பிடிக்கிறது. "இதற்குக் கிளிசரினே போதுமே" என்கிறார் என் மாமியார். எது சரி?
— வாசகி, மயூர் விகார்

உங்கள் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் கிளிசரினைத் தனியாகப் பூசினாலும் டில்லிக் குளிரில் முழுப் பலன் கிடைக்காது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தோலின் ஈரத்துக்காக விற்கப்படும் பொருள்கள் எத்தனை பெயரில் வந்தாலும் அவற்றின் வேலை மூன்றுதான். கிளிசரின், ஹையலூரானிக் அமிலம், யூரியா முதலியவை நீரை ஈர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை மேல்தோலின் செல்களுக்கு நடுவே, செங்கல்களுக்கு இடையே பூசிய சாந்து போல, இயல்பாகவே இருப்பவை; அந்தச் சாந்தில் ஏறக்குறைய பாதி எடை செராமைடுதான் என்பதால், வெடித்த தோலுக்கு அதை வெளியிலிருந்து தருகிறார்கள். பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன், தேன்மெழுகு போன்றவை மேலே படலமாக மூடி, உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமல் காக்கின்றன.

நீங்கள் வாங்கிய சீரம் முதல் வேலையை மட்டும் செய்கிறது. ஜனவரிக் காலையில் மூடுபனி எதிர்வீட்டை மறைக்கும்போது காற்றில் ஈரம் நிறைந்திருப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் குளிர்ந்த காற்றினால் மிகக் கொஞ்சம் நீராவியையே தாங்கிக்கொள்ள முடியும். அதே காற்று அறைக்குள் புகுந்து ஹீட்டரில் சூடானவுடன், இன்னும் நிறைய நீரை உறிஞ்சக்கூடிய காய்ந்த காற்றாக மாறிவிடுகிறது. சீரத்தில் இருந்த நீரும் தோலில் இருந்த நீரும் அந்தக் காற்றுக்குப் போய்ச் சேருகின்றன. உங்கள் தங்கை கடற்காற்றின் ஈரத்தில் வாழ்கிறார்; அவருக்கு மூடி தேவைப்படவில்லை, உங்களுக்குத் தேவைப்படுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குளித்துத் துடைத்தவுடன், முன்கையில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓரிடத்தை வெறுமனே விடுங்கள். இரண்டாவது இடத்தில் சீரத்தை மட்டும் பூசுங்கள். மூன்றாவது இடத்தில் சீரத்தைப் பூசி, ஈரம் காயுமுன் மிளகளவு பெட்ரோலியம் ஜெல்லியை மேலே தேயுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மூன்று இடங்களிலும் நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். வறண்ட தோலில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக விழும். என் கையில் முதல் இரண்டு இடங்களிலும் கோடு விழுந்தது, மூன்றாவதில் விழவில்லை.

இனி உங்கள் ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஹையலூரானிக் அமிலம் 1934இல் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள். மூலக்கூறு மிகப் பெரியது. ஆகவே அதில் பெரும்பகுதி தோலின் மேற்பரப்பிலேயே தங்கி, பூசியவுடன் வழுவழுப்பைத் தருகிறது. கிளிசரினின் மூலக்கூறு சிறியது. மேல்தோலின் அடுக்குகளுக்குள் இறங்கி அங்கே நீரைப் பிடித்துக்கொள்ளும். விலையோ பல மடங்கு குறைவு. அதன் குறை பிசுபிசுப்பு ஒன்றுதான். பங்குக்கு நான்கு மடங்கு தண்ணீரோ பன்னீரோ கலந்தால் அதுவும் அடங்கும். ஈரமான முகத்தில் அதைத் தடவி, செராமைடு சேர்ந்த கிரீமையோ சிறிது பெட்ரோலியம் ஜெல்லியையோ மேலே பூசுங்கள். வாங்கிய சீரத்தையும் வீணாக்க வேண்டாம். அதே முறையில் தீர்த்துவிடலாம்.

கிரீம் வாங்கும்போது பின்பக்கப் பட்டியலைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை, அளவு அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி; 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். பினாக்ஸியெத்தனால் என்ற பதப்படுத்தும் பொருள் பெரும்பாலான பட்டியல்களில் தென்படும். அதைப் பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால், அதற்குப் பின்னால் வருபவை அனைத்தும் 1 சதவீதத்தைத் தாண்டாதவை என்று கொள்ளலாம். முன்பக்கத்தில் குங்குமப்பூவின் படம் பெரிதாக இருந்து, பின்பக்கத்தில் குங்குமப்பூச் சாறு பினாக்ஸியெத்தனாலுக்குப் பிறகு வந்தால், அந்தப் பூவுக்காக விலை கொடுக்காதீர்கள். செராமைடும் அங்கேதான் இருக்கும். ஆனால் அது சிறிய அளவிலேயே வேலை செய்யக்கூடியது. கிளிசரின் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர். எந்தச் சோப்புப் போட்டாலும் குளித்தபின் உடம்பில் மாவு பூசியது போலிருக்கிறது. சோப்பை மாற்றினால் சரியாகுமா?
— வாசகர், துவாரகா

சரியாகும். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவாகிறது. வாளியின் ஓரத்தில் ஒட்டியிருப்பதும் உங்கள் தோலில் ஒட்டியிருப்பதும் அதுவே. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு சோப்புக்கு 9 அல்லது 10. தோலுக்கு உகந்தது 5ஐ ஒட்டிய மதிப்பு. உறையில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்பின் அளவு) 76 சதவீதம் என்றிருந்தால் முதல் தரச் சோப்பு, கொழுப்பு அதிகம் என்று பொருள். 'பாத்திங் பார்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் கொழுப்பின் அளவு அதைவிட வெகு குறைவாக இருக்கக்கூடும். ஆனால் உங்கள் தண்ணீருக்கு முதல் தரச் சோப்பும் படிவை உண்டாக்கும் என்பதால், பட்டியலில் சோடியம் பாமேட் முதலில் வருவதைத் தவிர்த்து, சோடியம் லாராயில் ஐசெத்தியோனேட் முதலில் வருவதைத் தேடி வாங்குங்கள். அது சோப்பு வகையைச் சேராத கட்டி. உப்புத் தண்ணீரில் படியாது. கீசர் வெந்நீரின் சூட்டையும் குறையுங்கள்.

குளிர்காலம் முழுவதும் மதியத்தில் பூங்கா வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பது எங்கள் வழக்கம். இரு கன்னங்களிலும் மங்கு கூடிவிட்டது. நியாசினமைடு வாங்குவதா, வைட்டமின் சி வாங்குவதா? அக்கம்பக்கத்தில் எலுமிச்சைச் சாறு தடவச் சொல்கிறார்கள்.
— வாசகி, ஆர்.கே.புரம்

முதலில் எலுமிச்சையை விட்டுவிடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். வைட்டமின் சி மிகச் சொற்பம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருமையும் உண்டாகக்கூடும்.

கருநிறப் பொருளான மெலனின், தோலின் அடியிலுள்ள செல்களில் உருவாகிச் சிறு பொட்டலங்களாக மேலேயுள்ள செல்களுக்கு அனுப்பப்படுகிறது. வைட்டமின் சி அது உருவாகும் இடத்திலேயே வேலையைத் தாமதப்படுத்துகிறது. நியாசினமைடு பொட்டலம் கைமாறுவதைக் குறைக்கிறது. இரண்டும் வேறு வேறு இடங்களில் வேலை செய்வதால் சேர்த்தே பயன்படுத்தலாம். ஒன்றையொன்று கெடுத்துவிடும் என்ற பேச்சைக் கேட்டுத் தயங்க வேண்டாம். ஒன்று மட்டும் வாங்க முடியும் என்றால் நான் நியாசினமைடையே சொல்வேன். 4 அல்லது 5 சதவீதம் போதும்; 10 சதவீதம் சிலருக்கு எரிச்சலைத்தான் தருகிறது. எல்-அஸ்கார்பிக் அமிலமாக விற்கப்படும் வைட்டமின் சி, பி.எச். 3.5க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் இறங்கும்; 10 முதல் 20 சதவீதம் வரை பயனுண்டு, அதற்கு மேல் கூடுதல் பலன் இல்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் கெட்டுவிடும். வெளிர் நிறமாக வாங்கிய சீரம் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் அதைத் தொடராதீர்கள்.

இவை இரண்டையும்விட உங்களுக்கு முக்கியமானது சன்ஸ்கிரீன். குளிர்கால வெயில் சுடவில்லை என்பதால் புற ஊதாக் கதிர் இல்லை என்று ஆகாது. தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதா-பி கதிர்களில், எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) 30 ஏறக்குறைய 97 சதவீதத்தையும், 50 ஏறக்குறைய 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. எனவே எண்ணைவிடப் பூசும் அளவே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருமளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருமையைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை, இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறமேறிய சன்ஸ்கிரீன் தடுக்கும். பட்டாணியைப் பூங்காவிலேயே உரியுங்கள். முதுகில் வெயில் படும்படி திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

எனக்கு வயது 27. பருவுக்காக இரவில் ரெட்டினாலும் காலையில் சாலிசிலிக் அமிலமும் பூசுகிறேன். இப்போது கருவுற்றிருக்கிறேன். தொடரலாமா?
— வாசகி, முனிர்கா

ரெட்டினாலை இன்றே நிறுத்திவிடுங்கள். ரெட்டினைல் பால்மிட்டேட், ரெட்டினால்டிஹைடு, ட்ரெட்டினோயின், அடாபலீன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதே குடும்பம்தான். சாலிசிலிக் அமிலம் 2 சதவீதத்துக்குள் இருக்கும் முகக்கழுவியால் பொதுவாகக் கவலையில்லை. உடல் முழுதும் பூசுவதும் அதிகச் செறிவுள்ள பீலிங் செய்துகொள்வதும் வேண்டாம். பருவுக்கு அசெலயிக் அமிலம் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. அதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். இதுவரை பூசியதற்காக அஞ்ச வேண்டாம். தோல் வழியாக உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு. அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பேத்தி பிறந்திருக்கிறாள். கும்பகோணத்திலிருந்து தேங்காய் எண்ணெயோடு வந்திருக்கிறேன். இங்கே அக்கம்பக்கத்தார் கடுகெண்ணெய்தான் குளிருக்கு நல்லது என்கிறார்கள். மருமகளோ ஆலிவ் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறாள்.
— வாசகி, ஜனக்புரி

நீங்கள் கொண்டுவந்ததையே பூசுங்கள். கடுகெண்ணெயின் காரநெடிக்குக் காரணம் அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள். அது தோலை உறுத்திச் சிவக்க வைப்பதால்தான் பூசிய இடம் கதகதப்பாகத் தோன்றுகிறது. பெரியவர்கள் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்வார்கள்; பச்சைக் குழந்தையின் மெல்லிய தோல் தாங்காது. ஆலிவ் எண்ணெயில் ஒலீயிக் அமிலம் மிகுதி. நான் மேலே சொன்ன சாந்தை அது குலைக்கிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு பெரியவர்களின் தோலிலேயே காட்டியது. தேங்காய் எண்ணெயில் பாதிக்கு லாரிக் அமிலம், குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளும். குளிரில் உறைந்து போகுமென்பதால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உருக்கி, முதலில் உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாகிவிடும்.

தோழி சொன்னாள் என்று ஒரு கிரீமை எட்டு மாதமாகப் பூசுகிறேன். முதல் மாதத்தில் முகம் பளபளவென்று ஆனது. இப்போது ஒரு நாள் நிறுத்தினாலும் முகம் சிவந்து எரிகிறது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. தாடையில் பூனை முடி வளர்ந்திருக்கிறது. வேறு நல்ல கிரீம் சொல்லுங்கள்.
— வாசகி, கரோல் பாக்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் பதைத்தது. எட்டு மாதங்களாக நீங்கள் பூசி வருவது ஸ்டீராய்டு மருந்து என்றே நினைக்கிறேன். டியூபின் பின்பக்கத்தில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் என்ற பெயர்களும் இருந்தால், அது மங்குக்காக மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மூன்று மருந்துக் கலவை. ஸ்டீராய்டு ரத்த நாளங்களைச் சுருக்குவதால் முகம் முதலில் வெளுத்துப் பளபளக்கும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, நாளங்கள் விரிந்து, மருந்தை நிறுத்தினால் எரியும் நிலை வந்துவிடும். இந்தியாவில் இது எவ்வளவு பரவலாகிவிட்டது என்றால், 2018இல் பல ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டியிருந்தது.

டியூபில் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லை, பட்டியலே இல்லை, தயாரிப்பு உரிம எண்ணோ இறக்குமதிப் பதிவு எண்ணோ இல்லை என்றால் கவலை இன்னும் கூடுதல். அத்தகைய சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது 2023இல் தெரியவந்தது. கால் வீக்கமோ, சிறுநீரில் அடங்காத நுரையோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேறு கிரீமின் பெயரை நான் இப்போது சொல்ல மாட்டேன். உங்கள் தோலுக்கு இன்று எந்தப் புதிய மருந்தும் சுமைதான். மணமில்லாத மாய்ஸ்சரைசரும் துத்தநாக ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீனும் மட்டும் போதும். நியாசினமைடு, வைட்டமின் சி, ஸ்க்ரப், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக விடுவதா என்பதை முகத்தைப் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நிறுத்திய சில வாரங்களுக்குச் சிவப்பும் எரிச்சலும் கூடத்தான் செய்யும். அப்போது பயந்துபோய் மறுபடியும் அதையே எடுத்துப் பூசிவிடாதீர்கள். எரியும்போது ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காமல், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியைப் பத்து நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். டியூபைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அட்டைப்பெட்டியோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், தோழியையும் கூட அழைத்துப் போங்கள்.