ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் மாட்யூலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பின்சக்கர இயக்கம் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் அணைந்துவிடுகின்றன. ஆனால் வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இரண்டும் சேர்ந்து எரிகின்றன. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் போய்விடும். விளக்கு எரியாத நேரத்தில், வண்டி நிற்கப் போகும்போது பிரேக் பெடல் காலடியில் தடதடக்கிறது. ஏபிஎஸ்ஸை இயக்கும் கணினிப் பெட்டியான மாட்யூலையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விளக்கு எரிகிறது என்பதைவிட எப்போது எரிகிறது என்பதுதான் முக்கியம். அதை நீங்களே கவனித்துச் சொல்லிவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது.

சாவியைத் திருப்பியதும் மாட்யூல் தன்னையும் வயரிங்கையும் மின்சார அளவில் சோதித்துக்கொள்ளும். வயர் அறுந்திருந்தாலோ பம்ப் மோட்டார் சுற்றில் கோளாறு இருந்தாலோ பெரும்பாலும் அப்போதே விளக்கு அணையாமல் நின்றுவிடும். உங்கள் வண்டி அதில் தேறிவிடுகிறது. நகர்ந்த பிறகு எரிந்தால், நான்கு சக்கரங்களில் ஏதோ ஒன்றின் வேகக் கணக்கு மற்றவற்றோடு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். இரண்டு விளக்கும் ஜோடியாக வருவதைப் பார்த்து இரண்டு கோளாறு என்று பயப்பட வேண்டாம். டிராக்‌ஷன் கண்ட்ரோலும் அதே சக்கர சென்சார்களை நம்பித்தான் இருக்கிறது. ஏபிஎஸ் படுத்தால் அதுவும் படுத்துவிடும்.

அந்தத் தடதடப்புதான் எனக்குப் பெரிய துப்பு. பல பழைய வண்டிகளில் சென்சாருக்கு எதிரே, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டிலோ, சக்கரம் மாட்டும் ஹப்பிலோ ஒரு பல் வளையம் சுற்றும். அதன் அடியில் துரு ஏறினால் வளையம் மெல்ல உப்பி, ஓரிடத்தில் மயிரிழை போல விரிசல் விடும். அந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் ஒரு கணம் நின்றுவிட்டதாக மாட்யூல் நினைக்கிறது. உடனே அந்தப் பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. மெதுவாகப் போகும்போதுதான் இது பெடலில் நன்றாகத் தெரியும்.

சாதாரண ஸ்கேனர்கள் பல, எஞ்சின் கோடுகளை (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்களை) மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் கோடுகளைப் படிக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். சி0035 வந்தால் முன் இடது, சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி எண் வைத்திருக்கும். எண்ணைப் பார்த்ததும் சென்சார் வாங்க ஓடாதீர்கள். நான்கு சக்கர வேகத்தையும் நேரலையில் திறந்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துத் திரையைப் பார்க்கச் சொல்லி, 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டுங்கள். மூன்று சக்கரம் 20 காட்ட, ஒன்று மட்டும் 20, 13, 20 என்று குதித்தால் ஆள் கிடைத்தாயிற்று.

அப்புறம் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைக் கையால் மெல்லச் சுழற்றி, டார்ச் வெளிச்சத்தில் வளையத்தை முழுச் சுற்றும் பாருங்கள். சென்சார் நுனியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் துடையுங்கள். பேரிங் ஆடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு வயர் சென்சார் எல்லாமே பழைய காந்தச் சுருள் வகை அல்ல. சுருள் வகை என்று உறுதியானால் மட்டும் மின்தடையை அளந்து, மறுபக்க சென்சாரோடு ஒப்பிடலாம். மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் புதிய ஆக்டிவ் வகையில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைக்கவே கூடாது, சென்சார் கெட்டுவிடலாம். அந்த வகையில் பல வண்டிகளுக்குப் பல் வளையம் பேரிங் சீலுக்குள்ளேயே காந்தப் பட்டையாக இருக்கும். பேரிங்கைத் திருப்பி மாட்டிவிட்டால் சிக்னலே வராது. புது பேரிங் போட்ட கையோடு விளக்கு எரிய ஆரம்பித்த வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய இன்னொன்று டயர். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு இருப்பது சகஜம். பின் ஜோடியை மட்டும் கம்பெனி சொன்னதை விட்டு வேறு அளவில் மாற்றினால், நேராகப் போகும்போதுகூடப் பின்சக்கரம் வழுக்குவதாகக் கணக்கு வரலாம்.

பம்ப், வால்வு பற்றிய கோடு வந்து, பேட்டரியும் எர்த்தும் சரியாக இருந்தால்தான் மாட்யூல் மேல் சந்தேகப்படலாம். மாற்றினாலும் பல வண்டிகளில் அதை அந்த வண்டிக்கேற்ப மென்பொருளில் அமைக்க (கோடிங்) வேண்டும், ஸ்கேனர் உதவியோடு பிரேக் காற்றையும் எடுக்க வேண்டும்.

சரி, அதுவரை ஓட்டலாமா? மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் என்றால் வழக்கமான பிரேக் இருக்கும், ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலையில் நிதானம் தேவை. விளக்கு எரியாமல் பெடல் தடதடக்கும் நாட்களில் நிற்கும் தூரம் கூடும், முன்வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.