குடிக்காத மகனுக்குக் கணைய அழற்சி: தேங்காய் எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, குடிப்பழக்கம் கிடையாது. இரண்டு வருடத்தில் மூன்று முறை கணைய அழற்சி. ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 2,900. என் கணவர் எனக்கு அத்தை மகன். தெரிந்தவர் ஒருவர் செக்கு தேங்காய் எண்ணெய் தினமும் குடித்தால் சரியாகும் என்று விற்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஏற்கெனவே கொடுத்து வந்தால் இன்றே நிறுத்துங்கள்.

சாப்பிட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து இறக்கி வைக்க ஒரு நொதி வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் அந்த வேலை நடக்காது. இந்தப் பரம்பரைக் கோளாறுக்கு ஃபேமிலியல் கைலோமைக்ரோனீமியா என்று பெயர். சொந்தத்தில் திருமணம் என்பதால் உங்கள் மகனுக்கு அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கோளாறு உள்ளவர்களின் ரத்தத்தை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளையாக ஆடை கட்டும். அந்தக் கொழுப்புதான் கணையத்தைப் புண்ணாக்குகிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'கொழுப்பைக் குறைக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். எத்தனை கிராம் என்று எழுத யாருக்கும் நேரமில்லை! நாள் முழுக்க 15 முதல் 20 கிராம்தான். ஒரு டீஸ்பூன் எண்ணெயே 5 கிராம், 200 மில்லி ஃபுல் கிரீம் பால் 12 கிராம். கொழுப்பு நீக்கிய பாலில் 1 கிராம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் உங்களிடம் விற்கிறார்கள். எம்.சி.டி. எனும் நடுத்தர நீளக் கொழுப்பு எண்ணெய் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும், ரத்தத்தில் தேங்காது. அது தேங்காயிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பதால் தேங்காய் எண்ணெய் அதுவாகிவிடாது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் (சி12) என்ற கொழுப்பு அமிலம். அதில் கணிசமான பங்கு மற்ற எண்ணெய் போலவே ரத்தத்துக்கு வரும். எம்.சி.டி. பாட்டிலில் சி8, சி10 என்ற கொழுப்பு அமிலங்கள் மட்டும் இருக்க வேண்டும். சி12 இருந்தால் வாங்காதீர்கள். உணவு நிபுணரைக் கேட்டு ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள், எடுத்தவுடன் அதிகம் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். பொரிக்க உதவாது. மீன் எண்ணெய் மாத்திரையும் உங்கள் மகனுக்குக் கொழுப்புதான்.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவினால் சாப்பாட்டை நிறுத்தி உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'குடிப்பீர்களா?' என்று திரும்பத் திரும்பக் கேட்பதற்குள் பழைய டிரைகிளிசரைடு ரிப்போர்ட்டை நீட்டுங்கள். முதல் ரத்தப் பரிசோதனையிலேயே டிரைகிளிசரைடைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டினி போட்டால் இரண்டு நாளில் மளமளவென இறங்கி, காரணம் மறைந்துவிடும். ரத்தம் பால்போல் இருந்தால் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவு நார்மல் என்று தவறாகக் காட்டக்கூடும். லைபேஸ் என்ற இன்னொரு கணைய நொதியின் பரிசோதனையும், தேவையானால் சி.டி. ஸ்கேனும் கேளுங்கள்.

இந்தக் கோளாறுக்கான ஒலெசார்சன் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 'வரவழைத்துத் தருகிறேன்' என்று முன்பணம் கேட்கும் ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மகனுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு பார்த்துவிடுங்கள். இது பரம்பரைக் கோளாறுதான் என்றால் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.