மகள் பெங்களூரு போகட்டுமா? தண்டையார்பேட்டை அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, பெங்களூரு கம்பெனி வருடம் 6 லட்சம் தருகிறது, சென்னையிலேயே சிறுசேரி கம்பெனி 3.6 லட்சம் தருகிறது, எதற்கு அனுப்புவது என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்றீர்கள். நானும் ராயபுரத்தில் வளர்ந்தவள்தான். பெண்ணை வெளியூருக்கு அனுப்பும் பயமும் தெரியும், நம் தெருவில் 6 லட்சம் என்ற வார்த்தைக்கு இருக்கும் மதிப்பும் தெரியும்.

முதலில் அந்த 6 லட்சத்தை அப்படியே 12-ஆல் வகுக்காதீர்கள். கம்பெனி கட்டும் பி.எஃப்., வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி, வந்தால் வரும் போனஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மாதம் கைக்கு 40,000 வரும் என்று வையுங்கள். பி.ஜி. எனும் தனியார் விடுதியில் இருவர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டோடு 12,000. மதியச் சாப்பாடு, பஸ், ஆட்டோ, போன் என்று 7,000. துணிமணி, மருந்து, ஊருக்கு வந்துபோவது, தோழிகளோடு வெளியே போவது, இதற்கெல்லாம் 5,000. மிஞ்சுவது 16,000. சிறுசேரியில் கைக்கு 26,000 வந்து, வீட்டில் இருந்தே போனால் செலவு 6,000. மிச்சம் 20,000. அதாவது முதல் வருடம் வீட்டுக்கு அதிகம் தருவது சின்னச் சம்பளம்தான். பணத்துக்காக மட்டும் பெங்களூரு என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் வீட்டில் இருந்தே போவதும் இலவசமில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, பறக்கும் ரயில் மாறி, அப்புறம் ஓ.எம்.ஆர். எனும் பழைய மாமல்லபுரம் சாலையில் பஸ். போகவர நாளைக்கு நான்கு மணி நேரம் போய்விடும். மாதவரம்–சிறுசேரி மெட்ரோ இன்னும் கட்டி முடியவில்லை. அசந்துபோய் வீடு திரும்பும் பிள்ளை இரவு உட்கார்ந்து புதிதாக எதைப் படிக்கும்? முதல் இரண்டு வருடம் கற்பதுதான் மூன்றாவது வருடச் சம்பளத்தை முடிவு செய்யும்.

பெங்களூரின் பலம் அங்கேதான் இருக்கிறது. கம்பெனிகள் நெருக்கமாக இருப்பதால், ஒன்று சரியில்லை என்றால் அறையைக்கூட மாற்றாமல் இன்னொன்றுக்குப் போகலாம். உங்கள் மகள் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப்பில் செய்த அதே வேலையைத்தான் பெங்களூரு கம்பெனி தருகிறது. சிறுசேரியிலோ எந்த புராஜெக்ட் என்றே இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் நான் பெங்களூரு பக்கம் சாய்கிறேன். இதுவே இரவு ஷிப்ட் சப்போர்ட் வேலையாக இருந்தால் சிறுசேரிக்கே அனுப்பச் சொல்லியிருப்பேன்.

அங்கே கஷ்டமும் உண்டு. அலுவலகம் பெல்லந்தூரில். எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டது, பெல்லந்தூர் இருக்கும் வெளிவட்டச் சாலைக்கு இன்னும் வரவில்லை. ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் மாலைகள் அங்கே சாதாரணம். அதனால் வாடகை 2,000 கூடினாலும் நடந்து போகும் தூரத்தில் தங்கட்டும். தண்ணீரையும் விசாரியுங்கள். 2019-ல் நாம் குடத்தோடு லாரிக்கு நின்ற மாதிரி, 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல் வற்றி டேங்கர் தண்ணீருக்கு அலைந்தார்கள்.

இப்போதைக்கு வீடு எடுக்கவே வேண்டாம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது அங்கே பழைய வழக்கம். இப்போது குறைத்துக் கேட்கிறார்கள், ஆனாலும் பெரிய தொகைதான். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையையும் பிடிப்பார்கள்.

அம்மா, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். அதுவரைக்கும் 40,000 ரூபாய் தேவைப்படும். அதைத் தினமும் வசூலிக்கும் தண்டலுக்கோ, நாளுக்கு நாள் ஏறும் மீட்டர் வட்டிக்கோ வாங்காதீர்கள். அப்படி வாங்கிவிட்டு, முதல் எட்டு மாதச் சம்பளத்தை வட்டிக்கே கட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் நகையை வங்கியில் வைத்து வாங்குங்கள். அந்தக் கடன் அடைந்ததும், மகள் மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாகச் சேர்க்கட்டும். திடீரென ஆட்குறைப்பு வந்தால் அதுதான் கைகொடுக்கும். ஊரில் வீடு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா என்று இப்போதே அவளிடம் சொல்லி அனுப்புங்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் எத்தனையோ தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் அவள் கன்னடம் கற்றுக்கொள்ளட்டும், அங்கே அது ஒரு மரியாதை.

ஆபர் லெட்டரில் பாண்ட், அதாவது இத்தனை காலம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம் இருக்கிறதா, விலக எத்தனை மாத நோட்டீஸ், போனஸ் போக நிச்சயச் சம்பளம் எவ்வளவு என்று மூன்றையும் மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் நீங்களும் அவளுமாக சென்ட்ரலில் இரவு பெங்களூரு மெயில் ரயில் ஏறுங்கள். வேலை நாளாகப் பார்த்துப் போய் மூன்று பி.ஜி.யாவது பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் சாப்பாடு எப்படி, இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவார்கள் என்று நீங்களே கேளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அலுவலக வாசலில் இருந்து அந்த பி.ஜி. வரைக்கும் இருவரும் ஒருமுறை நடந்து பாருங்கள்.